அசல் பதிவுகள் இருக்கும்போது அஞ்சலி ஆல்பங்களைக் கேட்க வேண்டுமா?

"பாப் வில்ஸ், பட்டி ஹாலி போன்ற பழைய கலைஞர்களின் பாடல்களைப் பிற்காலத்தவர் மீண்டும் பாடி வெளியிடும் அஞ்சலி ஆல்பங்கள் வெறும் வியாபாரம்தானே? அசல் பதிவுகளே கிடைக்கும்போது அவற்றை எதற்காகக் கேட்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வில்ஸ், ஃபிடில் (வயலின்) வாசித்துக்கொண்டே வெஸ்டர்ன் ஸ்விங் குழுவை நடத்திய அமெரிக்கர்; கண்ட்ரி இசையோடு ஜாஸையும் ப்ளூஸையும் கலந்த நடன இசை அது. ஹாலி 1950களின் ராக் அண்ட் ரோல் பாடகர். நீங்கள் இந்த இசைக்குள் அண்மையில்தான் நுழைந்திருக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். ஏதோ ஒரு செயலியில் பாப் வில்ஸின் பெயரைத் தேடியிருப்பீர்கள். 1930களின் கரகரப்பான பதிவுகளோடு பத்துப் பன்னிரண்டு அஞ்சலி ஆல்பங்களும் வரிசையாக வந்து நின்றிருக்கும். எல்லாவற்றையும் கேட்க நேரமில்லாத நிலையில், எதைத் தள்ளலாம் என்பதற்கு ஒரு நியாயம் தேடுகிறீர்கள். அந்தத் தேடலில் தவறில்லை. ஆனால் அஞ்சலி ஆல்பங்களை மொத்தமாகத் தள்ளிவிட்டால், இந்த இசை எப்படி இன்றுவரை உயிரோடு வந்து சேர்ந்தது என்பதையும் சேர்த்தே தள்ளிவிடுவீர்கள் என்பதே என் பதில். அசலைக் கேட்கவே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் பின்னூட்டத்தில் எழுத வேண்டாம். அசலைக் கேட்டே ஆக வேண்டும். நான் இசை ஆய்வாளன் அல்லன். பல ஆண்டுகளாக இவற்றைக் காது கொடுத்துக் கேட்டு வருபவன், அவ்வளவுதான்.

முதலில் 1970ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அப்போது பாடகர் மெர்ல் ஹாகார்டு அமெரிக்க நாட்டுப்புற கண்ட்ரி இசையின் உச்சியில் இருந்தார். எதைப் பாடிக் கொடுத்தாலும் விற்றிருக்கும். அந்த நேரத்தில் அவர், சந்தையில் ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்ட வெஸ்டர்ன் ஸ்விங் இசைக்குத் திரும்பி, பாப் வில்ஸுக்கு வணக்கம் செலுத்தும் ஒரு முழு ஆல்பத்தைப் பதிவு செய்தார். 'எ ட்ரிபியூட் டு த பெஸ்ட் டேம் ஃபிடில் பிளேயர் இன் த வேர்ல்ட்' என்று அதற்குப் பெயர். அதற்காகவே சில மாதங்களில் ஃபிடில் வாசிக்கவும் கற்றுக்கொண்டார். அதைவிடப் பெரிய காரியம், வில்ஸின் டெக்சாஸ் பிளேபாய்ஸ் குழுவில் வாசித்திருந்த ஆறு பேரைத் தேடிப்பிடித்து ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்து வந்ததுதான். வில்ஸின் தம்பி ஜானி லீ வில்ஸ், கிட்டார் கலைஞர் எல்டன் ஷாம்ப்ளின், மின்சார மாண்டலின் வாசித்த டைனி மூர், ஃபிடில் கலைஞர்கள் ஜானி கிம்பிள், ஜோ ஹாலி, டிரம்பெட் கலைஞர் அலெக்ஸ் பிராஷியர் ஆகியோரே அந்த ஆறு பேர். நடன அரங்குகளின் காலம் முடிந்த பிறகு வேறு வேலைகளைப் பார்த்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். டைனி மூர் சாக்ரமெண்டோவில் இசைக்கருவிக் கடை நடத்திவந்தார். இதில் வியாபாரக் கணக்கு எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் வேலை நிமித்தமாக டெக்சாஸில் வசித்த காலத்தில்தான் இந்த ஆல்பம் எனக்கு அறிமுகமாயிற்று. எங்கள் குடியிருப்பில் தனியாக வாழ்ந்த முதியவர் ஒருவர் இளமையில் வாரக் கடைசி நடன நிகழ்ச்சிகளில் ஃபிடில் வாசித்தவர். சிறுவயதில் நான் கர்நாடக இசை வயலின் கற்றவன் என்று தெரிந்ததும் மாலை நேரங்களில் என்னை வீட்டுக்கு அழைக்கத் தொடங்கினார். ஒருநாள் வில்ஸின் பழைய இசைத்தட்டு ஒன்றைப் போட்டுக் கேட்க வைத்தார். உண்மையைச் சொன்னால், அந்தப் பழைய பதிவில் பாடகர் டாமி டங்கனின் குரலையும் நடுநடுவே வில்ஸ் எழுப்பும் 'ஆ-ஹா' என்ற உற்சாகக் கூவலையும் தவிர வேறெதையும் என் காது தனித்துப் பிரித்துக்கொள்ளவில்லை. மூன்று ஃபிடில்கள் சேர்ந்து இழைகின்றனவா, அவற்றுக்கு அடியில் ஸ்டீல் கிட்டார் (கம்பிகள்மேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும் கிட்டார்) என்ன செய்கிறது, இரண்டும் விலகி நிற்கும் இடத்தில் யார் புகுந்து வாசிக்கிறார் என்பதெல்லாம் ஒரே திரளாகத்தான் கேட்டது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துவிட்டு ஹாகார்டின் தட்டைப் போட்டார்.

அதே பாடல்கள்தாம், ஆனால் புதிய ஒலிப்பதிவு. ஒவ்வொரு கருவியும் தனித்தனியே தெரிந்தது. "இது கிம்பிள், இது மூர், இப்போது ஷாம்ப்ளின்" என்று அவர் விரலால் காட்டிக்கொண்டே வந்தார். ஷாம்ப்ளினின் கிட்டாரைக் கவனிக்கச் சொன்னார். மற்றவர்கள் ஒரு ஸ்வரக்கூட்டைப் பிடித்து நின்றுவிடும் இடத்தில், அவருடைய கை ஒவ்வொரு தாளத் தட்டுக்கும் நகர்ந்துகொண்டே இருக்கும். நடனமாடுபவரின் கால் தயங்காமல் இருப்பதற்கு அந்த நகர்வே காரணம் என்றார். பிறகு மறுபடியும் பழைய தட்டைப் போட்டார். இம்முறை அந்தத் திரளுக்குள் ஷாம்ப்ளினின் கையை நானே கண்டுகொண்டேன். அசலைக் கேட்கும் காதை எனக்குத் தந்தது அஞ்சலி ஆல்பம்தான். இது என் ஒருவனுடைய அனுபவம் என்றும், பயிற்சி உள்ள காதுக்கு இது தேவைப்படாது என்றும் சிலர் சொல்லக்கூடும். இருக்கலாம். கேள்வி கேட்டவர் தொடக்கநிலைக் கேட்பாளர் என்று கொண்டே எழுதுகிறேன்.

அந்த ஆல்பத்தோடு கதை நின்றுவிடவில்லை. 1969இல் பக்கவாதத்தால் தாக்கப்பட்ட வில்ஸ், 1973 டிசம்பரில் சக்கர நாற்காலியில் டல்லாஸ் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தார். பழைய குழுவினர் மீண்டும் கூடினார்கள். ஹாகார்டும் வந்து சேர்ந்துகொண்டார். 'ஃபார் த லாஸ்ட் டைம்' என்ற அந்த ஆல்பத்தின் முதல் நாள் பதிவு முடிந்த இரவில் வில்ஸ் மீண்டும் பக்கவாதத்தில் வீழ்ந்தார். அதிலிருந்து மீளாமலே 1975 மே மாதம் இறந்தார். அந்தப் பதிவைத் தயாரித்தவர் டாமி ஆல்சப். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1959 பிப்ரவரியில் பட்டி ஹாலியின் கடைசிச் சுற்றுப்பயணத்தில் கிட்டார் வாசித்தவர் இவர்; அயோவா மாநிலத்தின் கிளியர் லேக் ஊரில், பிறகு விழுந்து நொறுங்கி ஹாலியைப் பலிகொண்ட சிறு விமானத்தின் ஓர் இருக்கைக்காக, சக பாடகர் ரிச்சி வேலன்ஸுடன் நாணயம் சுண்டித் தோற்றதால் உயிர் தப்பியவர். ஹாலியின் பக்கத்தில் நின்று ராக் அண்ட் ரோல் வாசித்த அதே மனிதர்தான் வில்ஸின் கடைசிப் பதிவை முன்நின்று நடத்தினார். அன்று வில்ஸைப் பார்ப்பதற்காக அந்தக் கூடத்துக்கு வந்திருந்த இளைஞர்களின் குழுவுக்கு அஸ்லீப் அட் த வீல் என்று பெயர். அவர்களுடைய முதல் ஆல்பத்தைத் தயாரித்தவரும் ஆல்சப்தான்.

அந்தக் குழுவும் அதன் தலைவர் ரே பென்சனும் 1993, 1999, 2015 ஆகிய ஆண்டுகளில் வில்ஸுக்கு மூன்று அஞ்சலி ஆல்பங்கள் வெளியிட்டார்கள். முதலாவதில் ஷாம்ப்ளினும் கிம்பிளும் வாசித்த 'ரெட் விங்' என்ற பாடலற்ற இசைக்கு கிராமி விருது கிடைத்தது. ஷாம்ப்ளின் வில்ஸின் குழுவில் சேர்ந்தது 1930களின் இறுதியில் என்பதை எண்ணிப் பாருங்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே கை, மூன்று தலைமுறைப் பதிவுகளில். மூன்றாவது ஆல்பத்தில் வில்லி நெல்சனும் ஹாகார்டும் இருக்கிறார்கள். அவர்களோடு ஏவெட் பிரதர்ஸ், குவீபி சகோதரிகள் போன்ற இளையவர்களும் இருக்கிறார்கள். குவீபி சகோதரிகளின் மூன்று ஃபிடில்களைக் கேட்டபோது அந்தப் பெரியவர் இதைக் கேட்கவில்லையே என்று வருந்தினேன்.

வில்ஸின் வெஸ்டர்ன் ஸ்விங், ஹாலியின் ராக் அண்ட் ரோல் ஆகிய இரண்டையும் உங்கள் கேள்வியில் ஒரே மூச்சில் குறிப்பிட்டதும் சரியே. ராக் அண்ட் ரோலை உலகெங்கும் கொண்டு சென்ற பில் ஹேலி, அதற்கு முன் நடத்திய குழுவின் பெயரே 'ஃபோர் ஏசஸ் ஆஃப் வெஸ்டர்ன் ஸ்விங்'. 1938இல் வில்ஸ் பதிவு செய்த 'ஐடா ரெட்' என்ற பழம் பாடலின் சாயலில்தான் ராக் அண்ட் ரோல் முன்னோடி சக் பெர்ரி 1955இல் 'மேபலீன்' பாடலை அமைத்தார். வில்ஸோ பருத்திக் காட்டில் கறுப்பினத் தொழிலாளர்களோடு வேலை செய்து, அவர்களுடைய ப்ளூஸ் இசையைக் கேட்டு வளர்ந்தவர். அவர் அங்கே பெற்றதைத் தம் குழுவின் வழியாகப் பரப்பினார். பெர்ரி அதை எடுத்து மின்சார கிட்டாரில் விரைவுபடுத்தினார். எனவே இந்த இசையில் 'அசல்' என்று ஒரு கோடு கிழித்து, அதற்குப் பிறகு வந்தவை அனைத்தும் நகல் என்று சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

எல்லா அஞ்சலி ஆல்பங்களும் உயர்ந்தவை என்று நான் வாதாடவில்லை. ஜான் லெனன் 1975இல் வெளியிட்ட 'ராக் அண்ட் ரோல்' ஆல்பத்தின் பின்னணியில், சக் பெர்ரியின் ஒரு வரியை எடுத்தாண்டதற்காகத் தொடரப்பட்ட வழக்கும் அதன் சமரசமும் இருந்தன. அவருடைய குரலில் அன்பு குறையவில்லை என்றாலும் இசையமைப்பில் பாரம் கூடுதல். பல நட்சத்திரங்களை ஆளுக்கொரு பாடலாகப் பாடவைத்துத் தொகுக்கும் ஆல்பங்களில் பாதிக்கு மேல் எனக்குச் சலிப்பூட்டுகின்றன. ஆனால் அங்கும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. நியூ ஆர்லியன்ஸின் ராக் அண்ட் ரோல் பியானோ கலைஞர் ஃபேட்ஸ் டாமினோவுக்காக 2007இல் வெளிவந்த தொகுப்பு அந்த வகையைச் சேர்ந்ததுதான். கத்ரீனா புயலில் டாமினோவின் வீடு மூழ்கிய பிறகு, நியூ ஆர்லியன்ஸ் கலைஞர்களுக்கு உதவுவதற்காக அது வெளியிடப்பட்டது.

ராக் அண்ட் ரோல் பக்கத்தில் எனக்கு மிக நெருக்கமானது ஆங்கிலேய கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் 1993இல் வெளியிட்ட 'கிரேசி லெக்ஸ்'. இது 1950களின் ராக் அண்ட் ரோல் பாடகர் ஜீன் வின்சென்டின் பாடல்களுக்கான ஆல்பம் என்று சொல்வார்கள்; உண்மையில் வின்சென்டின் குழுவில் கிட்டார் வாசித்த கிளிஃப் காலப்புக்கான வணக்கம் அது. காலப் அந்தக் குழுவோடு பதிவுகள் செய்தது 1956ஆம் ஆண்டில் மட்டுமே. குடும்பஸ்தர், ஊர் ஊராகச் சுற்றப் பிடிக்காமல் விலகி, வர்ஜீனியாவில் பள்ளி நிர்வாகத்தில் பணியாற்றி, 1988இல் இறந்தார். அவர் விட்டுச் சென்ற முப்பத்தைந்து பாடல்களைக் கேட்டே வளர்ந்த பெக், தமக்கென்று உலகப்புகழ் பெற்ற ஒரு வாசிப்பு முறை இருந்தும் அதை முற்றிலும் ஒதுக்கிவைத்துவிட்டு, காலப் பயன்படுத்திய அதே வகை கிரெட்ச் கிட்டாரை எடுத்து, ஸ்வரம் பிசகாமல் அவரைப் போலவே வாசித்தார். ஹாகார்டு அப்படிச் செய்யவில்லை. டங்கனின் குரலைப் பின்பற்றாமல் தம் குரலிலேயே பாடினார். இரண்டு வழிகளையும் நான் மதிக்கிறேன். பெக்கின் வழியில் ஒரு மாணவனின் பணிவு தெரிகிறது.

தொடக்கத்தில் சொல்ல வந்து விட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன். ஹாகார்டு, பெக் இருவரின் ஆல்பங்களையும் பற்றி விரிவாக எழுதி ஓர் இணைய இதழுக்கு அனுப்பினேன். அதன் பொறுப்பாளர் கட்டுரையை முழுதாகப் படிக்காமலே, "நகல்களைப் பற்றி நாங்கள் வெளியிடுவதில்லை" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பினார். என் எழுத்து நன்றாக இல்லை என்றிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். பழைய குழுவின் கலைஞர்கள், தங்கள் கைப்பழக்கத்தை அடுத்தவரிடம் ஒப்படைப்பதற்காக ஒன்றுசேர்ந்த ஒரு பதிவை 'நகல்' என்று ஒதுக்கியதுதான் வலித்தது. அதே இதழ், ஒரே கீர்த்தனையைப் பல வித்வான்கள் பாடிய விதங்களை ஒப்பிட்டுப் பக்கம் பக்கமாக வெளியிடுகிறது. அங்கே யாரும் நகல் என்று சொல்வதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. இசைச் செயலிகளில் இந்த ஆல்பங்களைத் திறந்தால் பெரும்பாலும் பாடகரின் பெயர் மட்டுமே இருக்கும். ஃபிடில் யார், ஸ்டீல் கிட்டார் யார் என்ற விவரம் கிடைப்பது அரிது. பழைய தட்டின் அட்டையில் இருந்த பெயர்களை நீக்கிவிட்டால், கிம்பிளும் மூரும் அங்கே இருந்தார்கள் என்பதே புதிய கேட்பாளருக்குத் தெரியாமல் போய்விடும். அஞ்சலி ஆல்பங்களைப் பற்றிய தவறான எண்ணத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இயன்றால் பழைய தட்டையோ குறுவட்டையோ வாங்கி, அதன் உள்ளுறையைப் படித்துக்கொண்டே கேளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஹாகார்டின் 1970 ஆல்பம், உடனே அதே பாடல்களின் வில்ஸ் பதிவுகள், பிறகு 'ஃபார் த லாஸ்ட் டைம்' என்ற வரிசையைச் சொல்வேன். அடுத்து வில்லி நெல்சன் 2006இல் வெளியிட்ட, சிண்டி வாக்கரின் பாடல்களுக்கான ஆல்பத்தைக் கேளுங்கள். வில்ஸின் குழு பாடிய ஐம்பதுக்கு மேற்பட்ட பாடல்களை எழுதிய பெண்மணி அவர். டெக்சாஸின் மெஹேயா ஊரில் எளிமையாக வாழ்ந்தவர். ஆல்பம் மார்ச் மாதத்தின் நடுவில் வெளிவந்தது; 23ஆம் தேதி அவர் இறந்தார். தம் பாடல்களுக்காகவே ஒரு முழு ஆல்பம் வந்ததை அவர் அறிந்தே சென்றார். ராக் அண்ட் ரோலுக்கு ஜீன் வின்சென்டின் 1956 பதிவுகளையும் 'கிரேசி லெக்ஸ்' ஆல்பத்தையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். எந்தப் பாடலிலாவது இருவரின் வாசிப்பையும் வேறுபடுத்திச் சொல்ல முடிந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள், அதைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்.