குத்துச்சண்டையில் ஃப்ளைவெயிட் (குறைந்த எடைப் பிரிவுகளில் ஒன்று) சாம்பியன் பட்டியலில் 51, 52 என இரண்டு எடை ஏன்? 53 கிலோ உள்ள என் தம்பி எதில் இறங்கலாம்?

இரண்டுமே சரிதான். அமெச்சூர் (தொழில்முறை அல்லாத) குத்துச்சண்டையில் ஆண்கள் ஃப்ளைவெயிட் வரம்பு வெகுகாலம் 51 கிலோவாக இருந்தது. 2010 மாற்றத்தில் 52 ஆனது. 2021-இல் மறுபடி 51. அதனால் பட்டியலைப் பெயரை வைத்துப் படிக்காதீர்கள், ஆண்டையும் கிலோவையும் சேர்த்துப் படியுங்கள். 2025-இல் வேர்ல்டு பாக்ஸிங் அமைப்பு கொண்டுவந்த ஆண்கள் எடை வரிசையில் 50-க்கு அடுத்தது 55. போட்டி அறிவிப்பில் எந்த வரிசை என்று முதலில் பாருங்கள்.

அந்த வரிசை என்றால் தம்பிக்கு 55 போதும். 50-க்கு இறக்க வேண்டாம். மதுரை மே வெயிலில் பிளாஸ்டிக் ஜாக்கெட் மாட்டி ரேஸ்கோர்ஸ் மைதானத்தைச் சுற்றினால் தராசில் முள் இறங்கும்தான். ஆனால் போவது கொழுப்பு அல்ல, தண்ணீர். சண்டை உள்ள ஒவ்வொரு நாள் காலையும் எடை பார்ப்பார்கள், முதல் நாளோடு முடியாது. அரையிறுதிக்குள் உடம்பு வற்றிவிடும். மூன்று நிமிட ரவுண்டு மூன்று. கடைசி ரவுண்டில் கால் நகராது, முகத்தைக் காக்கும் கைகள் தாழும், தாடை திறந்துகொள்ளும். நீர் வற்றிய நிலையில் தலையில் அடி வாங்குவது ஆபத்து.

தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், ஒரே தராசில் எடை பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு கிலோ குறைக்க வேண்டுமானால் மூன்று வாரமாவது கொடுங்கள்: ராத்திரி புரோட்டா சால்னாவை நிறுத்தினாலே பாதி வேலை முடியும். குடிக்கும் தண்ணீரைக் குறைக்காதீர்கள். வளர்கிற வயதென்றால் எடை குறைப்பே வேண்டாம்.