தம்பி வெப்சைட் போட்டுட்டு "எப்படி இருக்கு, ஓப்பனா சொல்லு"ங்கறான், என்ன சொல்றது?

ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "எங்க சித்தி பையன் இஞ்சினியரிங் மூணாவது வருஷம். ரெண்டு மாசமா உக்காந்து தனக்குன்னு ஒரு வெப்சைட் பண்ணி கிட்ஹப் பேஜஸ்ல (கோடை ஏத்தினா சைட்டா காட்டற சேவை) ஏத்திட்டு லிங்க் அனுப்பினான், அக்கா ஓப்பனா சொல்லுன்னு. நான் ஐடியில பேக்எண்ட், அதாவது சர்வர் பக்க வேலை பாக்குறேன், டிசைன் எனக்கு அவ்வளவா வராது, ஆனா எனக்கே ஏகப்பட்ட குறை தெரியுது. எல்லாத்தையும் சொன்னா நொந்துருவான், சூப்பர்னு சொன்னா அது பொய். பேசாம நானே கோடை சரி பண்ணிக் குடுத்துடலாமா?" லிங்கையும் சேத்தே அனுப்பியிருந்தாங்க, நானும் பொறுமையா பாத்தேன்.

பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் பண்ணின கூத்து ஒண்ணைச் சொல்லிடறேன். சில வருஷம் முன்னாடி எங்க டீம்ல புதுசா சேந்த பையன் ஒருத்தன் இதே மாதிரி தன்னோட சைட்டைக் காட்டி கருத்து கேட்டான், நானும் பெரிய மனுஷன் மாதிரி எக்ஸல் ஷீட் திறந்து கலர் கலரா ரோ போட்டு 34 பாயிண்ட் எழுதி மெயில் தட்டிவிட்டேன், ஒவ்வொரு பாயிண்டும் சரிதான், அதுல எனக்கு இன்னைக்கும் சந்தேகம் இல்ல. ஒரு வாரம் கழிச்சு அந்த லிங்கைத் திறந்தா 404. சைட்டையே தூக்கிட்டான். "டைம் கிடைக்கும்போது திரும்ப பண்றேண்ணா"ன்னான், பண்ணவே இல்ல. அந்த ஷீட்டை அப்புறம் எடுத்துப் பாத்தா, கான்டாக்ட் ஃபார்ம்ல சென்ட் அமுக்கினா எதுவுமே போகலங்கறது 27வது வரியில கிடக்கு, முதல் வரியில என்னன்னா "ஃபான்ட் கொஞ்சம் பழைய ஸ்டைலா இருக்கு"ன்னு எழுதி வெச்சிருக்கேன். யாரோ வேலை குடுக்கறேன்னு மெசேஜ் போட்டிருந்தாக்கூட அவனுக்குப் போய்ச் சேந்திருக்காது, நான் ஃபான்ட் பத்தி பேசிட்டு இருந்திருக்கேன்.

அதனால உங்களுக்கு நான் சொல்ற முதல் வேலை, குறை எழுதறது இல்ல, அவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கறது: "டேய், இதை யாருக்குக் காட்டப் போற?" பிளேஸ்மென்ட்டுக்கு ரெஸ்யூம்ல லிங்க் போடப் போறானா, இல்ல கவிதை எழுதி ஃபிரண்ட்ஸுக்கு அனுப்ப வெச்சிருக்கானா, அதைப் பொறுத்து நீங்க சொல்ல வேண்டியது மொத்தமா மாறிடும். ஆள் எடுக்கறவங்க ஒரு ரெஸ்யூமுக்கு அதிக நேரம் குடுக்க மாட்டாங்க, அவங்களுக்கு வேண்டியது பேரு, என்ன பண்ணியிருக்கான், எப்படி தொடர்பு கொள்றது, அவ்வளவுதான். இது ஃபிரண்ட்ஸுக்குன்னா மௌஸ் பின்னாடி நட்சத்திரம் ஓடறதெல்லாம் இருந்துட்டுப் போகட்டும், ஜாலிதானே.

அடுத்தது, லேப்டாப்ல பாக்காதீங்க. அவன் பண்ணினதே லேப்டாப்ல, அங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கும். வைஃபையை ஆஃப் பண்ணிட்டு போன்ல, மொபைல் டேட்டால, ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை ஆன் பண்ணிட்டு முதல் தடவை பாக்கற ஆள் மாதிரி திறங்க. என் போன்ல திறந்தப்ப என்ன ஆச்சுன்னு சொல்றேன். முதல்ல ஒரு வட்டம் சுத்துச்சு, சுத்திக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் அவன் பேரு ஒவ்வொரு எழுத்தா டைப் ஆகி வந்துச்சு, அது முடியற வரைக்கும் மெனு கண்ணுல படல, அது முடிஞ்சா போட்டோ இருக்க வேண்டிய எடத்துல உடைஞ்ச பட ஐகான். பேக்கிரவுண்ட் படம் பாதி வரைக்கும் இறங்கி நின்னுக்கிட்டு இருக்கு. இந்த வீடியோவை அப்படியே, ஒரு வார்த்தை சேக்காம அவனுக்கு அனுப்பினாலே பாதி ஃபீட்பேக் முடிஞ்சுது. "உன் சைட் ஸ்லோ"ன்னா அவன் சண்டைக்கு வருவான், "உங்க நெட் ஸ்லோக்கா"ம்பான். வீடியோவோட யாரு சண்டை போடுவா.

அந்தப் போட்டோ விஷயத்தைக் கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா இங்கதான் நம்ம வாய் தப்பு பண்ணும். "டெஸ்ட்டே பண்ணலையா நீ?"ன்னு சட்டுனு வந்துரும். அவன் பண்ணியிருக்கான். கோடுல ஃபைல் பேரு கடைசியில ஜேபிஜின்னு சின்ன எழுத்துல எழுதியிருக்கான், கேமராலருந்து வந்த ஃபைல்ல அது பெரிய எழுத்துல இருக்கு. விண்டோஸ் ரெண்டையும் ஒண்ணாதான் பாக்கும், அதனால அவன் லேப்டாப்ல போட்டோ ஜம்முனு வரும், கிட்ஹப் சர்வருக்கு அது வேற ஃபைல் இது வேற ஃபைல், அதனால ஊருக்கே வராது, அவனுக்கு மட்டும் வரும். இதுல சிக்காத ஆளே கிடையாது, நான் சிக்கியிருக்கேன், ஒரு ராத்திரி முழுக்க தேடியிருக்கேன். அதனால "என் போன்ல போட்டோ வரலடா, ஸ்கிரீன்ஷாட் இந்தா, ஃபைல் பேருல பெரிய எழுத்து சின்ன எழுத்து ஒத்துப்போகுதான்னு பாரு"ன்னு சொன்னா போதும். அவனே அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிட்டு உங்களுக்கு ஹார்ட் அனுப்புவான்.

இப்ப உங்க கண்ணுல பட்ட குறையெல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க, அவனுக்கு இல்ல, உங்களுக்கு. யூஸபிலிட்டி உலகத்துல, அதாவது சைட்டைப் பயன்படுத்தறது எவ்வளவு சுலபம்னு ஆராயறவங்க நடுவுல, ஜேக்கப் நீல்சன்னு ஒருத்தர் குறைகளுக்கு 0லருந்து 4 வரைக்கும் மார்க் போடச் சொல்வார், 0ன்னா இது குறையே இல்ல, 4ன்னா இதை சரி பண்ணாம வெளியவே விடாத. ஒரு வீட்டுப் பையன் சைட்டுக்கு அவ்வளவு அளவுகோல் வேண்டாம், மூணு கூடை போதும்: உடைஞ்சு கிடக்கறது, உறுத்தறது, எனக்குப் பிடிக்காதது. மூணாவது கூடையை அப்படியே மூடி வெச்சிருங்க. கறுப்பு பேக்கிரவுண்ட்ல பச்சை எழுத்து, ஹேக்கர் சினிமா மாதிரி, எனக்கும் பிடிக்கலதான், ஆனா அவனுக்கு 20 வயசு, அது அவன் சைட்டு, நம்ம வீட்டு ஹாலுக்கு பெயிண்ட் அடிக்கல.

ஆனா டேஸ்ட் மாதிரி தெரியற சிலது டேஸ்ட் கிடையாது. அதே கறுப்பு மேல புராஜெக்ட் விவரமெல்லாம் இருட்டு சாம்பல்ல எழுதியிருக்கான் பாருங்க, வெயில்ல நின்னு போனைப் பாத்தா ஒரு எழுத்து தெரியாது. இதுக்கு அளவே இருக்கு, டபிள்யூசிஏஜின்னு அணுகல்தன்மைக்கான, அதாவது பார்வை மாதிரி குறைபாடு இருக்கறவங்களும் சைட்டைப் பயன்படுத்தறதுக்கான விதிமுறை, சாதாரண சைஸ் எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவுல கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வித்தியாசம்) குறைஞ்சது 4.5க்கு 1 இருக்கணும்ங்குது, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும். குரோம்ல அந்த எழுத்து மேல ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்பெக்ட் குடுத்து கலர் கட்டத்தைத் தட்டினா நம்பரே காட்டும். "எனக்கு படிக்க முடியல"ங்கறதோட அந்த நம்பரையும் சேத்துச் சொன்னீங்கன்னா இது அக்காவோட விருப்பு வெறுப்பு இல்லன்னு அவனுக்குப் புரிஞ்சிரும்.

ஸ்லோ மேட்டரும் அப்படித்தான். பேக்கிரவுண்ட் படத்தை போன் கேமராலருந்து எடுத்தபடியே, எம்பி எம்பியா இருக்கறதைத் தூக்கிப் போட்டிருக்கான், அத்தனை பெரிய படம் கை அகல ஸ்கிரீன்ல வந்து சுருங்கி நிக்குது. வெப் பக்கத்துல இருக்கறதுலயே பெரிய விஷயம் 2.5 செகண்டுக்குள்ள கண்ணுல படணும்ங்கறது கூகுள் வெச்சிருக்கற அளவு. படத்தைத் தேவையான அகலத்துக்குச் சுருக்கி வெப்பி ஃபார்மட்டுக்கு மாத்தினா சில நூறு கேபியில அடங்கிரும், ஸ்குவூஷ்னு கூகுள் ஆளுங்க பண்ணின டூல் பிரவுசர்லயே இருக்கு, காசு கிடையாது. குரோமுக்குள்ள இருக்கற, சைட்டைச் சோதிச்சு நூத்துக்கு மார்க் போடற லைட்ஹவுஸை ஓட்டிப் பாக்கச் சொல்லலாம், ஆனா அந்த ஸ்கோரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து "38தான் வாங்கியிருக்க"ன்னு அனுப்பாதீங்க, இப்பத்தான் செமஸ்டர் ரிசல்ட்லருந்து தப்பிச்சு வந்திருக்கான்.

தமிழ்ப் பக்கம் ஒண்ணு வெச்சிருக்கான், கவிதைக்கு. நல்லாவே எழுதறான், அதை முதல்ல சொல்லுங்க. ஆனா வரிகளுக்கு நடுவுல இடமே இல்ல, மேல் வரியில 'கு', 'ழு'வோட வாலும் கீழ் வரியில 'கி', 'தீ'யோட கொக்கியும் முட்டிக்குது. சில இங்கிலீஷ் டெம்ப்ளேட்ல லைன் ஹைட் 1.2ன்னு வெச்சிருப்பாங்க, தமிழுக்கு அது பத்தாது, 1.7 பக்கம் வெச்சாத்தான் மூச்சு விடும். ரெண்டு ஓரமும் சமமா வரணும்னு ஜஸ்டிஃபை பண்ணியிருக்கான், நம்ம வார்த்தைங்க நீளம், போன் ஸ்கிரீன்ல ஒரு வரிக்கு மூணு வார்த்தை வந்து நடுவுல பல்லு விழுந்த மாதிரி ஓட்டை. இடது பக்கம் மட்டும் நேரா இருக்கட்டும். இன்னொண்ணு கண்ணுக்குத் தெரியாதது, பக்கத்தோட மொழி இங்கிலீஷ்னே கோடுல இருக்கு, அதை தமிழ்னு மாத்தலன்னா பார்வை இல்லாதவங்க ஸ்கிரீன் ரீடர் வெச்சுக் கேக்கறப்ப இங்கிலீஷ் குரல் அந்தக் கவிதையைக் கடிச்சுத் துப்பும், இல்ல தாண்டிட்டே போயிரும். ஒரே ஒரு வார்த்தை மாத்தற வேலை.

கோடுக்கு வருவோம், இங்க உங்களுக்கே கை பரபரக்கும்னு தெரியும். ஸ்டைல் ஷீட்ல (கலர், சைஸ் எல்லாம் சொல்ற ஃபைல்) வரிக்கு வரி இம்பார்ட்டன்ட், அதாவது மத்த விதியை விட்டு இதையே எடுன்னு போட்டு வெச்சிருக்கான், பட்டன் எல்லாம் டிவ்ல, அதாவது வெறும் பெட்டியில பண்ணி, தட்டினா வேலை செய்யற மாதிரி ஆன்கிளிக் வெச்சிருக்கான். "என்னடா இது"ன்னு ஆரம்பிக்காதீங்க, "சாட்ஜிபிடி எழுதினதா"ன்னு கேக்கவே கேக்காதீங்க, அப்படி எழுதியிருந்தாலும் சரி எழுதலன்னாலும் சரி, அந்தக் கேள்விக்கு நல்ல பதில்னு ஒண்ணு கிடையாது. "இந்த எடத்துல டிவ் வெச்சது ஏதாவது காரணத்துக்கா?"ன்னு கேட்டுப் பாருங்க. சில நேரம் உண்மையிலேயே காரணம் இருக்கும், "பட்டன் போட்டா பிரவுசரோட பார்டர் வருதுக்கா, அதைத் தூக்கத் தெரியல"ம்பான். அங்கதான் நீங்க சொல்லிக் குடுக்க வேண்டியது என்னன்னு தெரியும். மௌஸைத் தூக்கி வெச்சிட்டு டேப் கீ மட்டும் அமுக்கி மெனு வரைக்கும் போகச் சொல்லுங்க. போக முடியாது, ஏன்னா டிவ் மேல டேப் நிக்காது, நிக்கற ஒண்ணு ரெண்டு லிங்க்லயும் அதைச் சுத்தி வர்ற அவுட்லைன் கோடு அசிங்கமா இருக்குன்னு தூக்கிட்டான், எங்க இருக்கோம்னே தெரியாது. அந்த ஒரு நிமிஷம் போதும், நீங்க அரை மணி நேரம் அணுகல்தன்மை பத்தி கிளாஸ் எடுக்கறதை விட நல்லா உறைக்கும். ஒரு பட்டனை மட்டும் காட்டுங்க, மிச்சத்தை அவனே தேடட்டும்.

கோடு ரிவ்யூல சின்னச் சின்ன விஷயத்துக்கு முன்னாடி 'நிட்'னு போட்டுச் சொல்ற வழக்கம் உங்க ஆபீஸ்லயும் இருக்கும், செஞ்சா நல்லது, செய்யாட்டியும் குடி முழுகாதுன்னு அர்த்தம். இண்டென்ட் ஒழுங்கா இல்ல, கிளாஸ் பேரு சரியில்லங்கறதெல்லாம் அந்த ரகம். அதையும் ரெண்டுக்கு மேல போகாதீங்க.

பாராட்டறதையும் பொத்தாம்பொதுவா பாராட்டாதீங்க. "சூப்பர்டா"ன்னு சொல்லிட்டு "ஆனா"ன்னு ஆரம்பிச்சா அந்த சூப்பருக்கு மரியாதையே போயிரும், எல்லாருக்கும் தெரிஞ்ச டெக்னிக் அது. நான் பாத்ததுல அவன் புராஜெக்ட் பக்கத்துல "இதுல எங்க சொதப்பினேன்"னு ஒரு பத்தி எழுதியிருக்கான், ரொம்ப பேரு போர்ட்ஃபோலியோல இதை எழுதவே மாட்டாங்க, இன்டர்வியூல முதல் கேள்வியே அதுலருந்துதான் வரும். அதைச் சொல்லுங்க, ஏன்னா அது நிஜம், அதோட அவனுக்கு அது நல்ல விஷயம்னே தெரிஞ்சிருக்காது, அடுத்த டிசைன்ல வெட்டி எறிஞ்சாலும் எறிஞ்சிருவான்.

நான் உங்க எடத்துல இருந்தா இப்படி ஒரு மெசேஜ் போடுவேன், ஃபேமிலி குரூப்ல இல்ல, தனியா: "போன்ல பாத்தேன்டா, வீடியோ அனுப்பியிருக்கேன். சொதப்பினது பத்தி எழுதியிருக்கற பத்தி எனக்கு ரொம்ப பிடிச்சுது, அதை எடுத்துராத. பிளேஸ்மென்ட்டுக்கு முன்னாடி மூணு மட்டும் பாரு. போட்டோ வரல, ஃபைல் பேரை செக் பண்ணு. பேக்கிரவுண்ட் படம் ரொம்ப பெருசு, சுருக்கு. சாம்பல் எழுத்து வெளிச்சத்துல படிக்க முடியல. மிச்சமெல்லாம் அப்புறம், ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, உக்காந்து பேசலாம்." அவ்வளவுதான். டேப் கீயும் தமிழ் வரியும் அந்த ஞாயித்துக்கிழமைக்கு. அதுக்குள்ள அவன் ஹாஸ்டல்ல நாலஞ்சு பேருகிட்ட போனைக் குடுத்து "என் நம்பரைக் கண்டுபிடி"ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டு பாக்கட்டும். 5 பேரை வெச்சு சோதிச்சாலே 85 சதவீதம் பிரச்சனை வெளிய வந்துரும்னு அதே நீல்சன் 2000லயே எழுதினார், அந்தக் கணக்கை மறுத்துப் பேசறவங்களும் உண்டு, ஆனா ஒருத்தர்கூட பாக்காததுக்கு அஞ்சு பேரு எவ்வளவோ மேல்.

நீங்களே சரி பண்ணிக் குடுக்கலாமான்னு கேட்டீங்க. வேண்டாம். இன்டர்வியூல "இது ஏன் இப்படி எழுதியிருக்கீங்க"ன்னு கேட்டா அவன் முழிப்பான், அக்கா எழுதினதுன்னு சொல்ல முடியாது. ஆசையா இருந்தா கிட்ஹப்ல இஷ்யூ, அதாவது குறைப் பதிவு ஒண்ணு போடுங்க, எந்த போன், எந்த பிரவுசர், என்ன பண்ணினீங்க, என்ன எதிர்பாத்தீங்க, என்ன ஆச்சுன்னு ஆபீஸ்ல போடற மாதிரியே. அவன் சரி பண்ணி குளோஸ் பண்ணட்டும், பின்னாடி பாக்கற கம்பெனிக்காரங்களுக்கும் அது தெரியும், குறை சொன்னா கேட்டு சரி பண்ற பையன்னு. ஒண்ணே ஒண்ணு, முகப்புல 'டெவலப்பர்'ங்கற இங்கிலீஷ் வார்த்தையோட கடைசியில ஒரு 'இ' கூடுதலா போட்டு வெச்சிருக்கான், அதுவும் பெரிய எழுத்துல. அதை இஷ்யூல போடாதீங்க, குளோஸ் பண்ணினாலும் அங்கயே கிடக்கும். அதுக்கு மட்டும் இப்பவே போன் பண்ணிச் சொல்லிடுங்க.