புகாரை எந்தக் கதவில் தட்டுவது?

உங்கள் பகுதி மக்களை இழிவுபடுத்தும் தளத்தைப் பற்றி மூன்று முறை எழுதியும் ஹோஸ்டிங் நிறுவனம் (தளத்தைத் தன் கணினிகளில் வைத்திருக்கும் நிறுவனம்) வாயே திறக்கவில்லை என்கிறீர்கள். விட்டுவிடாதீர்கள், அடுத்த கதவைத் தட்டுங்கள்.

2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் சார்லட்ஸ்வில்லில், வெள்ளை இனவாதிகளின் பேரணியை எதிர்த்துப் போராடியபோது கொல்லப்பட்ட ஹெதர் ஹேயர் என்ற பெண்ணைப் பற்றி டெய்லி ஸ்டார்மர் என்ற நவநாஜித் தளம் கேவலமாக எழுதியது. மக்கள் கொதித்தார்கள். அந்தத் தளத்தின் டொமைன் பதிவாளரான (இணைய முகவரியைப் பதிவுசெய்து தரும் நிறுவனம்) கோடாடி, வேறு இடம் பார்த்துக்கொள்ள 24 மணி நேரக் கெடு கொடுத்தது. தளத்தை நடத்தியவர்கள் முகவரிப் பதிவை மாற்றிக்கொள்ளக் கூகுளுக்கு ஓடினார்கள், அங்கேயும் அன்றே ரத்து. அப்புறம், தளத்தை இணையத் தாக்குதல்களிலிருந்து காத்துவந்த கிளவுட்ஃபிளேர் நிறுவனமும் விலகியது.

ஆகவே நீங்களும் ஹூஇஸ் (Whois, ஒரு இணைய முகவரியின் பதிவு விவரத்தைக் காட்டும் சேவை) தேடலில் பதிவாளர் யாரென்று பாருங்கள். புகாருக்கான மின்னஞ்சலும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். பக்கத்தின் முழு முகவரி, தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட், அவர்களுடைய விதிகளில் எந்த வரி மீறப்பட்டது என்பது, மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். கொலை மிரட்டல் இருந்தால் முதலில் போலீஸ்.