கில் பில்லில் ஏன் அவ்வளவு ரத்தம்?

கே: 'கில் பில்' ஹாலிவுட் படத்தின் முதல் பாகத்தில் (2003) கை கால் பறக்கிறது, ரத்தம் பீய்ச்சியடிக்கிறது. இவ்வளவு மிகை எதற்கு? – வாசகர், சேலம்

ப: நிஜம் போலத் தெரியக்கூடாது என்றுதான். டோக்கியோ விடுதிச் சண்டையில் கை துண்டானதும் குழாய் உடைந்த மாதிரி ரத்தம் அடிக்கிறது, நடுவில் படமே கறுப்பு வெள்ளைக்கு மாறுகிறது. பழைய ஜப்பானிய சாமுராய் படங்களின் பாணி அது, வலியைத் தள்ளி வைத்துவிட்டு நாயகி உமா தர்மனின் வாள்வீச்சை நடனம் போல ரசிக்க விடுகிறது. சரி, நாயகி பழிவாங்கத் தேடிப் போகும் வெர்னிட்டா என்பவளின் வீட்டுச் சண்டையைப் பாருங்கள். ரத்தம் பீய்ச்சவில்லை. சமையலறைத் தரையெல்லாம் சிந்திய காலை உணவுத் தானியம் (சீரியல்), செத்துக் கிடக்கும் அம்மாவைப் பார்த்தபடி நிற்கும் நாலு வயது மகள். பெரியவளானதும் உனக்கு ஆறவில்லை என்றால் வா, காத்திருப்பேன் என்று அந்த மகளிடம் சொல்கிறாள் கொன்ற நாயகி. பழிவாங்கல் என்றால் என்னவென்று படம் அங்கேதான் காட்டுகிறது, அந்த ஆர்ப்பாட்டச் சண்டையில் இல்லை.