ஜமைக்காவில் கிங்ஸ்டனிலிருந்து மாண்டிகோ பே வரை காரில் செல்ல எந்த வழி சிறந்தது?

கிங்ஸ்டனில் வாடகைக் கார் எடுத்து, மாண்டிகோ பே வரை குடும்பத்துடன் தாமே ஓட்டிச் செல்ல எந்த வழி ஏற்றது என்று கேட்டிருக்கிறீர்கள். போகும்போது வட–தென் சுங்க நெடுஞ்சாலையில் மலையைக் கடந்து வடகரை வழியாகச் செல்லுங்கள் என்பதே என் பரிந்துரை. கிங்ஸ்டனில் பணியாற்றிய காலத்தில் இந்தப் பாதைகளில் ஓட்டிப் பழகியவன் என்பதால் இதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன்.

ஜமைக்காவில் கிலோமீட்டரை மட்டும் வைத்துப் பயண நேரத்தைக் கணக்கிட முடியாது. தீவின் நடுவே கிழக்கு மேற்காக மலைகள் நீண்டு கிடப்பதால், தலைநகரிலிருந்து நேராக வடகரைக்குச் செல்லும் எந்தச் சாலையும் எங்கேனும் ஓரிடத்தில் மலை ஏறி இறங்கியே ஆக வேண்டும். பழைய ஏ1 சாலை முதலில் ரியோ கோப்ரே ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்கில் நுழைந்து, ஒரு நேரத்தில் ஒரு திசை வண்டிகள் மட்டுமே செல்லக்கூடிய, பக்கச்சுவர் இல்லாத தாழ்ந்த ஃபிளாட் பிரிட்ஜைக் கடந்து, அதன்பின் மவுண்ட் டயப்லோவின் வளைவுகளில் ஏறுகிறது. கனமழை பெய்தால் ஆறு பாலத்தை மூழ்கடித்துவிடும். பள்ளத்தாக்குச் சாலையை மூடிவிடுவார்கள். மலையேற்றத்தில் ஒரு லாரி முன்னால் போனால், அதன் வேகம்தான் நம் வேகம்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கவே புதிய நெடுஞ்சாலை வந்தது. லின்ஸ்டெட்–மோனீக் பகுதி 2014இலும், கிங்ஸ்டன் அருகிலுள்ள கேமனாஸ் முதல் வடகரையிலுள்ள மாமீ பே வரையிலான முழுச் சாலை 2016இலும் திறக்கப்பட்டன. சுமார் 66 கிலோமீட்டர் நீளமுள்ள இதை ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். உள்ளூர் வருமானத்தோடு ஒப்பிட்டால் சுங்கக் கட்டணம் அதிகம்தான். ஆனால் குழந்தைகளோடு செல்பவருக்கு அது வீண்செலவு அன்று. இச்சாலையின் சரிவுகள் மிகச் செங்குத்தானவை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். இறங்கும்போது பிரேக்கையே நம்பாமல் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். புறப்படும் முன் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, ஜமைக்க டாலரைக் கையில் வைத்திருப்பதும் நல்லது.

இச்சாலையால் நேர்ந்த ஒரு இழப்பு எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பழைய சாலையில் ஃபெய்த்ஸ் பென் என்ற இடத்தில் வரிசையாக உணவுக் கடைகள் உண்டு. சுட்ட யாம் கிழங்கும் உப்புக் கருவாடும், கார மசாலா தடவிச் சுட்ட ‘ஜெர்க்’ பன்றிக்கறியும் அங்கே கிடைக்கும். வண்டிகள் சுங்கச் சாலைக்கு மாறியதும் அந்தக் கடைகளின் வியாபாரம் சரிந்தது. பகல் நேரமாகவும் மழையில்லாமலும் இருந்தால், லின்ஸ்டெட்டில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, பழைய மலைச்சாலையில் ஏறி அங்கே சாப்பிட்டுவிட்டு, மோனீக் அருகே மீண்டும் நெடுஞ்சாலையில் சேர்ந்துகொள்ளுங்கள். ஃபிளாட் பிரிட்ஜையும் இவ்வாறு தவிர்த்துவிடலாம்.

மாமீ பேயிலிருந்து மேற்கே திரும்பினால் செயின்ட் ஆன்ஸ் பே, டிஸ்கவரி பே, ஃபால்மத் வழியாகக் கடலை வலப்புறம் வைத்துக்கொண்டு செல்லும் நல்ல சாலை. இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊர்ப்பகுதிகளில் 50 கிலோமீட்டர் வேக வரம்பைக் கடைப்பிடித்தால் போதும்.

திரும்பி வரும்போது ஒரு முழுப் பகல் கையிலிருந்தால் தென்வழியை எண்ணிப் பார்க்கலாம். பிளாக் ரிவர், காரமான இறால் விற்கும் மிடில் குவார்ட்டர்ஸ், சான்டா குரூஸ், பிறகு ஸ்பர் ட்ரீ மலையேறி மாண்டிவில் என்று அது உட்புறக் கிராமங்களினூடே செல்கிறது. மாண்டிவில் அருகிலுள்ள வில்லியம்ஸ்ஃபீல்டிலிருந்து மே பென் வரை 2023இல் திறக்கப்பட்ட நெடுஞ்சாலை இருப்பதால் கடைசிப் பகுதி எளிது. ஆனால் 2025 அக்டோபர் 28 அன்று மெலிசா சூறாவளி கரையைக் கடந்தது தீவின் தென்மேற்கில்தான். பிளாக் ரிவர் நகரம் பெருஞ்சேதம் அடைந்தது. ஆகவே தங்கும் விடுதியில் சாலை நிலையை விசாரித்த பிறகே இவ்வழியைத் தேர்ந்தெடுங்கள்.

நியூகாஸில் வழியாக ப்ளூ மவுண்டன்ஸைக் கடந்து பஃப் பே செல்லும் பாதையை வரைபடம் காட்டினாலும் இப்பயணத்துக்கு எடுக்காதீர்கள். அது குறுகலானது, மழையில் மண்சரியக்கூடியது, உங்கள் திசைக்குச் சுற்றுவழியும்கூட. இந்தியாவிலோ இலங்கையிலோ ஓட்டியவருக்கு இடப்பக்கப் போக்குவரத்து பழகியதாகவே இருக்கும். எனினும் இருட்டில் விளக்கில்லாத சாலையில் குழிகளும் ஆடுகளும் நடந்து செல்பவர்களும் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே எவ்வழியானாலும் காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள்.