ஜீப்புக்கு 33 அங்குல டயர் போட்டு ஏ9 வீதியில் ஓடலாமா?

முத்தையன்கட்டுப் பக்கம் தோட்டத்துக்குப் போகிற ஜீப், இப்போது 29 அங்குல டயர், மாரியில் சேற்றில் புதைவதால் 33 போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தோட்டத்துக்குள் மட்டும் என்றால் சரி. அதே வண்டிதான் ஏ9 வீதியால் கிளிநொச்சிச் சந்தைக்கும் வரும் என்றால் போடாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். பெரிய டயர் ஒரு சுற்றில் கூடத் தூரம் போகும், மீற்றருக்கு அது தெரியாது. முள் 70 காட்டும்போது நீங்கள் உண்மையில் 80இல் போவீர்கள். பிரேக்கோ பழைய பிரேக்தான்; அதே மிதிக்கு வண்டியை நிறுத்தும் விசை நிலத்தில் சுமார் 12 சதவீதம் குறைந்துவிடும். வண்டியும் 2 அங்குலம் உயரும். இரவில் மாங்குளம் தாண்டி மாடு குறுக்கே வந்து, ஸ்டியரிங்கைச் சட்டென்று வெட்டினால் இந்த மூன்றும் ஒன்றாக வேலை செய்யும்.

கராஜில் ஒரு ஜீப்பின் கீழ் படுத்துப் பார்த்திருக்கிறேன், முழுதாகத் திருப்பும்போது டயர் உரசி உரசி பிரேக் குழாயின் ரப்பர் தேய்ந்து உள்நூல் வெளியே தெரிந்தது. சொந்தக்காரருக்கு அதுவரை தெரியாது.

சட்டப்படி, பதிவுப் புத்தகத்திலேயே டயர் அளவு இருக்கிறது. மாற்றுவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தை விபத்துக்குப் பிறகு உதவாது.

சேறுதான் பிரச்சினை என்றால் அதே அளவில் ஆழமான பட்டன் (நிலத்தைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்) உள்ள டயர் போடுங்கள், தோட்டத்துக்குள் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள், தார் ரோட்டுக்கு ஏறுமுன் திரும்ப அடியுங்கள்.