காயலில் உயிரினக் கணக்கெடுப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பழவேற்காடு போன்ற ஓர் உவர்நீர் ஏரியில் மழைக்காலத்தில் எடுத்த உயிரினப் பட்டியலும் கோடையில் எடுத்த பட்டியலும் ஒத்துப்போகாவிட்டால், எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். ஆனால் எந்த இடத்தில், எந்த மாதத்தில், நீரின் உப்பு எவ்வளவு இருந்தபோது, எந்த வலையால் எடுத்தார்கள் என்ற விவரம் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கும்போது ஏரியின் உப்பு வெகுவாகக் குறைகிறது. கோடையிலோ முகத்துவாரத்தில் மணல்திட்டு வளர்ந்து கடல்நீரின் வரவைத் தடுக்க, வெயிலும் நீரை உறிஞ்சிக்கொள்ள, ஆழமற்ற பகுதிகளில் உப்பு கடலை விடவும் ஏறிவிடுவதுண்டு. இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் உயிர்கள் தங்குகின்றன, தாங்காதவை இடம் மாறுகின்றன அல்லது மடிகின்றன. நன்னீர் உயிரினங்களுக்கு மிகுதியாகவும் கடல் உயிரினங்களுக்குக் குறைவாகவும் உள்ள ஆயிரத்துக்கு 5 முதல் 8 வரையிலான உப்பளவில்தான் இனங்களின் எண்ணிக்கை மிகவும் குறைகிறது என்று ஜெர்மானிய விலங்கியலாளர் அடால்ஃப் ரெமானே 1934-இல், பால்டிக் கடலை வைத்து எடுத்துக்காட்டினார்.

இதோடு வலசையும் சேர்ந்துகொள்கிறது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியே உள்ளே வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. மடவை, கொடுவா ஆகிய மீன்களும் இனப்பெருக்கத்துக்குக் கடலை நாடுபவையே. எனவே முகத்துவாரம் அடைபட்டிருந்த ஆண்டில் இறால் குறைந்திருந்தால், அதற்கு அதிக மீன்பிடிப்புதான் காரணம் என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது.

வலையின் கண்ணளவு குறிக்கப்படாத பட்டியலில் இருநூறு இனங்கள் இருந்தாலும், ஒப்பீட்டுக்கு நான் அதை எடுத்துக்கொள்ள மாட்டேன். பெருங்கண் வலையில் காரல் குஞ்சு சிக்காது. அது சிக்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. வலை போட்டு ஒன்றும் கிடைக்காத இடத்தையும் சுழியம் என்று எழுதிவைக்க வேண்டும். பழவேற்காட்டு மீனவர்களிடம் எந்தத் தளத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்பதை முறைப்படுத்தும் ‘பாடு’ என்னும் ஏற்பாடு உண்டு. மாதிரி எடுக்கும் இடங்களை வரைபடத்தில் குறிப்பதற்கு முன், அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது எந்தக் கருவியையும் விடப் பயன் தரும்.

பழைய பதிவுகள் இருந்தால்தான் மாற்றம் தெரியும் என்பதற்கு ஒடிசாவின் சிலிகா ஏரி நல்ல சான்று. 1910-களிலேயே விலங்கியலாளர் நெல்சன் அனண்டேல் தலைமையில் அங்கு உயிரின ஆய்வு நடந்தது. 1981-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அந்த ஏரி, 1993-இல் சீரழியும் ஈரநிலங்களைக் குறிக்கும் மாண்ட்ரூ பதிவேட்டுக்குப் போயிற்று. 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டபின் உப்பும் மீன்வளமும் மீண்டதை முந்தைய கணக்குகளோடு ஒப்பிட்டுக் காட்ட முடிந்ததால், 2002-இல் அப்பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

கேள்வி: பாதுகாக்கப்பட்ட பகுதியில் உயிர்களைக் கொன்று கணக்கெடுப்பது முரண் அல்லவா?

பதில்: ஓரளவுக்கு முரண்தான். அடிச்சேற்றில் வாழும் புழுக்களையும் சிறு சிப்பிகளையும் அறிய, சேற்றை அள்ளி 0.5 மில்லிமீட்டர் சல்லடையில் அலசி, கிடைப்பதை ஃபார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தில் இட்டு நுண்ணோக்கியில் பார்ப்பதைத் தவிர எளிய வழி இல்லை. மீன்களுக்கு அப்படியல்ல; மீனவர்கள் கரைக்குக் கொண்டுவந்ததையே இறங்குதளத்தில் அளந்து, எத்தனை மணி நேர உழைப்பில் எவ்வளவு கிடைத்தது என்று குறித்துக்கொள்ளலாம். கடற்புல் திடலில் அரை மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து, புல் எத்தனை விழுக்காடு மூடியிருக்கிறது என்று பார்த்தால் போதும், எதையும் பிடுங்க வேண்டாம். கடற்குதிரை 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பதால், வலையில் தவறி வந்தாலும் படம் எடுத்துவிட்டு நீரிலேயே விட வேண்டும். ஆய்வுக்கு வனத்துறையின் முன் அனுமதி தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சிலிகாவின் ஐராவதி ஓங்கில்களை (டால்பின்களை) பல படகுகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு தடங்களில் சென்று எண்ணுகின்றன. ஒரே விலங்கை இருமுறை எண்ணிவிடாதிருக்கவே இந்த ஏற்பாடு.

கேள்வி: இப்போது நீரை வடிகட்டி, அதிலுள்ள மரபணுத் தடயத்தைக் கொண்டே இனங்களை அறிகிறார்களே; வலை இனித் தேவையா?

பதில்: தேவை. அத்தடயம் ஓர் இனம் அருகில் இருந்திருக்கிறது என்பதைச் சொல்லும். அது குஞ்சா, முதிர்ந்ததா, உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது. ஒப்பிட்டுப் பார்க்க மரபணுப் பதிவு இல்லாத இனம் பெயரின்றியே நின்றுவிடும். காயலில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஓதம் (கடலின் ஏற்றவற்றம்) ஏறும்போது கடல் மீன்களின் தடயமும் நீரோடு உள்ளே வந்துவிடும். ஆகவே மாதிரி எடுப்பவர்கள் ஓதம் வற்றி முடியும் நேரத்தில் நீரை எடுத்து, அந்த நேரத்தையும் உப்பளவையும் புட்டியின் மேலேயே எழுதிவைப்பது நல்லது.